கரண்ட் போனாலும் பில் போகக்கூடாது, வேகமும் வேண்டும்: வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் மளிகைக் கடை பில்லிங், லினக்ஸ் கணினியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஓடுகிறது. சாதாரண ஹார்டு டிஸ்க். ஒவ்வொரு பில்லும் சேமிக்க இழுக்கிறதே என்று எஃப்சிங்க்கை (எழுதியது டிஸ்கில் நிஜமாகவே பதிய வைக்கும் அமைப்பு) அணைத்தேன், பறந்தது. போன வாரம் கரண்ட் போனதும் டேட்டாபேஸே திறக்கவில்லை! என் தப்புதான். முந்தைய இரவின் பேக்கப் காப்பாற்றியது.

எஃப்சிங்க்கை மறுபடி போட்டுவிட்டேன். இனி சிங்க்ரனஸ் கமிட்டை (பில் டிஸ்கில் பதியும்வரை காத்திருந்து பிறகே ‘சேமித்தாச்சு’ என்று சொல்லும் அமைப்பு) மட்டும் அணைக்கலாமா? அதில் டேட்டாபேஸ் கெடாது, இயல்பு அமைப்பில் அதிகபட்சம் கடைசி 0.6 நொடிப் பதிவுகள்தான் போகும். ஆனால் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில் நம் கணக்கில் இல்லையென்றால்?

அப்புறம், டிஸ்கின் உள்ளே இருக்கும் ரைட் கேஷையும் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் நினைவகம்) அணைக்க வேண்டுமா? யூபிஎஸ் மட்டும் போதுமா, இல்லை மின்தடையைத் தாங்கும் கெபாசிட்டர் வைத்த எஸ்எஸ்டிதான் வாங்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.