இடிந்த வீட்டு நாயும் ஐந்து குட்டிகளும்: எப்படிக் கிட்ட எடுப்பது?

மயிலிட்டிப் பெடியன்:

வணக்கம். யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இருந்து 1990 இல் சண்டையால் வெளிக்கிட்ட குடும்பம் நாங்கள். 2017 இல் இராணுவம் எங்கள் பக்கக் காணிகளை விடுவித்த பிறகு அப்பா சின்னதாக ஒரு வீடு போட்டார். பக்கத்து வளவுக்காரர் இன்னும் திரும்பவில்லை. அங்கே கூரையில்லாத பழைய வீடு, உள்ளே ஆளுயரப் பற்றை. அதற்குள் ஒரு செம்மண் நிற நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. யாரும் வளர்த்த நாயில்லை. ஆளைக் கண்டால் சுவரோடு ஒட்டிப் பதுங்கும். மூன்று கிழமையாகச் சோறு வைக்கிறேன், நான் படலையைச் சாத்தின பிறகுதான் வந்து சாப்பிடும்.

குட்டிகள் கண் திறந்து தள்ளாடி நடக்கின்றன. அரிசி மாதிரிப் பல் முளைத்திருக்கிறது. மாரி வரப் போகிறது, அந்தச் சுவர் ஒரு பெருமழைக்குத் தாங்காது. நேற்று ஒரு குட்டியைத் தூக்கப் போனேன், தாய் பாய்ந்து வந்தது, கையில் பல் கீறிவிட்டது. கொஞ்சம் இரத்தம் வந்தது, மஞ்சள் பூசிவிட்டேன், பரவாயில்லை. குட்டிகளை மட்டும் எடுத்து வந்து வளர்க்கலாமா? தாயைப் பழக்க முடியுமா?

வடலி:

தம்பி, நாயின் கதை பிறகு. முதலில் கை. மஞ்சளைக் கழுவுங்கள். ஓடுகிற தண்ணீரில், சவுக்காரம் போட்டு, பதினைந்து நிமிடம். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ‘நாய்ப்பல் பட்டு இரத்தம் வந்தது’ என்று சொல்லுங்கள். விசர்நாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கினால் ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அதற்கு முன் ஊசி போட்டால் தப்பலாம். அரச ஆஸ்பத்திரியில் காசில்லை. நாய்க்கு வருத்தம் ஏதும் வருகிறதா என்று பத்து நாள் கவனியுங்கள், ஆனால் அதைக் காரணம் காட்டி ஊசியைத் தள்ளிப் போட வேண்டாம்.

பண்ணைப் பாலம்:

பிரதேச சபைக்கு அறிவித்தால் பிடித்துக்கொண்டு போவார்களே?

கோண்டாவில் அக்கா:

பிடித்துக் கொல்வது 2006 இலிருந்து அரச கொள்கையில் இல்லை, தம்பி. பிடித்து வேறு ஊரில் விட்டால் அந்த இடத்துக்கு இன்னொரு நாய் வரும், இது அங்கே அடிபட்டுச் சாகும். அதை விடுங்கள்.

மயிலிட்டித் தம்பிக்கு: வடலி சொன்னதைச் செய்த பிறகு மிச்சத்தை வாசியுங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பனங்காணி. அதில் ஒரு கறுப்பு நாய் இருந்தது, கறுப்பி என்று கூப்பிடுவேன். உங்களைப் போலவே சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு மாதம் போயும் ஒன்றும் மாறவில்லை. அவளுக்குச் சோறு தெரியும், என்னைத் தெரியாது. பிறகுதான் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் பதினைந்து அடி தள்ளி இருக்கத் தொடங்கினேன். நேரே பார்க்காமல் பக்கவாட்டாக நிலத்தில் குந்தியிருந்து முருங்கையிலை உருவுவேன். கைக்கு வேலை இருந்தால் ஆள் பதற்றமில்லாமல் இருக்கும், அது நாய்க்கும் தெரியும். தினமும் அதே பின்னேரம், அதே தட்டு, வைக்க முன் அகப்பையால் அதில் மூன்று தரம் தட்டுவேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சாண் கிட்டப் போனேன். அவள் சாப்பாட்டை விட்டு நிமிர்ந்தால் அடுத்த நாள் இரண்டு சாண் பின்னுக்கு.

இருபத்து மூன்றாம் நாள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். அதுவரை ஒரு கண் என் மேலேயே இருக்கும். நான் இலையைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் இருந்தேன், கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகும் கையை நீட்டவில்லை. அவளாகவே வந்து என் முழங்காலை மணக்க இன்னும் ஒரு மாதம் எடுத்தது. முதலில் தொட்டது நாடிக்குக் கீழே, நெஞ்சில். தலைக்கு மேலால் கை போனால் அடிக்க வருகிறோம் என்றுதான் நினைக்கும்.

உறுமினால் அதட்டாதீர்கள். உறுமுவது ‘கிட்ட வராதே’ என்று முன்கூட்டிச் சொல்வது. அதை அடக்கினால் பிறகு சொல்லாமல் கடிக்கும்.

குட்டிகளை மட்டும் எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நான்கு, ஐந்து கிழமை இருக்கும், எட்டுக் கிழமை வரை தாயோடு இருக்கட்டும். ஆனால் ஆளோடு பழகும் வயது இதுதான், மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு, பதினாலு கிழமை வரை. அதை விட்டால் தாயைப் போலவே பயந்ததுகளாக வளரும். ஆகவே எல்லோரையும் உங்கள் வளவுக்கு வரப் பண்ணுங்கள். வேலியோரம் மேடான இடத்தில் இரண்டு தகரம் சாய்த்து உள்ளே சாக்கு விரியுங்கள். வேலியில் நாய் நுழைய ஒரு பொட்டு விடுங்கள். சோற்றுத் தட்டை நாளுக்கு ஒரு முழம் அந்தப் பக்கமாக நகர்த்துங்கள். நனையாத இடத்தைக் கண்டால் தாய் தானே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வரும். அவித்த சூடை மீனைச் சோற்றில் பிசைந்து வையுங்கள், பால் கொடுக்கிற நாய்க்குப் பசி கூட. சமைத்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பாக உடைந்து குடலில் குத்தும்.

பால் வற்றினதும் மிருக வைத்தியரிடம் தடுப்பூசியும் கருத்தடையும். பிந்தினால் திரும்பச் சினைப்பட்டுவிடும், அறுபத்து மூன்று நாளில் அடுத்த ஈற்று. பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விட்டுப் போவதை இந்த ஊரில் நான் எத்தனை தரம் பார்த்துவிட்டேன். அந்தச் சாக்கை அவிழ்க்கிற கைக்குத்தான் தெரியும்.

மயிலிட்டிப் பெடியன்:

அக்கா, வடலி அண்ணை, நன்றி. அன்றே போனேன். முதல் ஊசி போட்டு, அடுத்தவற்றுக்குத் திகதி எழுதித் தந்தார்கள்.

இன்று ஒன்பதாம் நாள். நாய் நல்லாகவே இருக்கிறது. தகரம் போட்டாயிற்று. தட்டு ஆறு முழம் நகர்ந்துவிட்டது. நான் கிழிந்த மீன்வலையைப் பொத்திக்கொண்டு இருந்தேன், தாய் வந்து பாதி சாப்பிட்டது. பிறகு என்னைப் பார்த்து ஒரு கொட்டாவி விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னாலேயே ஒரு வெள்ளைக் குட்டி வந்து தட்டுக்குள் ஏறி நின்றது. நாளைக்கும் நகர்த்தவா?

கோண்டாவில் அக்கா:

வேண்டாம் தம்பி. அந்தக் கொட்டாவி நித்திரையால் இல்லை, அதற்கு இன்னும் உள்ளுக்குள் பதற்றம். நாளைக்கும் மறுநாளும் தட்டு அதே இடத்தில் இருக்கட்டும். வலையைக் கையில் வைத்திருங்கள், வெள்ளைக் குட்டி கிட்ட வந்தால் விரலை மட்டும் மணக்கக் கொடுங்கள்.