ரப்பர் மவுண்டிங் மாத்தினதும் கிளட்ச் கேபிள் சிவந்த கதை

பத்தாங்கட்டை: மலேசியாவுல சுங்கை சிப்புட்டுல ஒரு பெங்கிலுக்கு (கார் பட்டறைக்கு) வந்த ரேஸ் கஞ்சில் கார். இரும்போட இரும்பா இறுக்கியிருந்த எஞ்சினை ரப்பர் மவுண்டிங்குக்கு மாத்தியாச்சு. சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டர் முக்கி முக்கிச் சுத்துது. நாலாவது தடவை கிளட்ச் கேபிள் உறையில புகை, உள்ள கம்பி தணல் மாதிரி சிவப்பு. போமன் (மெக்கானிக்) பேட்டரியைக் கழட்டுறதுக்குள்ள உறை உருகிடுச்சு. ரப்பரே வேணாம்பா.

பால்ஸ்டோர்: ரப்பர் என்னண்ணே பண்ணுச்சு? இரும்பு மவுண்டிங்தான் அதுவரைக்கும் எர்த், அதாவது எஞ்சின்ல இருந்து சாசி (கார் சட்டம்) வழியா பேட்டரிக்குக் கரண்டு திரும்புற வழி. அந்த வழி அடைஞ்சதும் ஸ்டார்ட்டர் இழுக்கிற கரண்டுக்குக் கிடைச்சது கேபிள் மட்டும். கியர்பாக்ஸ் போல்ட்டுல இருந்து சாசிக்கு 25 சதுர மி.மீ. பின்னல் பட்டை போடணும். ரெண்டு முனையிலயும் பெயிண்டைச் சுரண்டி, எஞ்சின் ஆடுற அளவுக்குத் தளர்வா விடுங்க. ஸ்டார்ட் அடிக்கிறப்ப பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல மீட்டர் 0.5 வோல்ட்டைத் தாண்டினா எர்த் இன்னும் சரியில்ல.

மேட்டுலயம்: எர்த் சரி, ரப்பர் சரியா? இங்க ஒரு காருல ஐடிலிங்ல கண்ணாடியில பார்த்தா எல்லாம் ரெண்டா தெரிஞ்சது. எஞ்சினை உட்கார வைக்கிறதுக்கு முன்னயும் வச்ச பிறகும் ரப்பர் உயரத்தை வெர்னியர்ல அளந்தா வெறும் 0.3 மி.மீ. இறக்கம். அந்த இறக்கத்துக்கு எஞ்சினோட சொந்த ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 29 தடவை. மூணு சிலிண்டர் 1,200 சுத்துல நொடிக்கு 30 தடவை வெடிக்கும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு, அப்புறம் ஆடாம என்ன செய்யும்? 2 மி.மீ. இறங்கினா 11தான், தப்பிச்சோம். மவுண்டிங்குக்கு மேலயும் கீழயும் ரப்பரைவிட அகலமான வாஷர் போடுங்க, கிழிஞ்சாலும் எஞ்சின் கீழ விழாது. எக்ஸாஸ்ட்டுல மடிப்புக் குழாய் இல்லன்னா மேனிஃபோல்ட் (எஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய்) கழுத்துல விரிசல் விடும். ஆயில் கசிவை முதல்ல நிறுத்துங்க. நம்ம மரத்துப் பால்ல செஞ்ச ரப்பர்தான், எண்ணெய் பட்டா ஊதி மாவாயிடும்.

பத்தாங்கட்டை: 2 மி.மீ. இறங்குற ரப்பர்ல சங்கிலி ஓடுற பைக் எஞ்சின் காரைக் கட்டிப் பாருங்க. ஆக்சிலரேட்டரை மிதிச்சதும் எஞ்சின் பின்னால நகரும், சங்கிலி தொங்கும், பல் தாண்டும்.

மேட்டுலயம்: அதுக்குத்தான் சங்கிலிக்குப் பக்கத்துலயே, அதுக்கு இணையா, எஞ்சினுக்கும் சாசிக்கும் நடுவுல ஒரு கம்பி. ரெண்டு முனையிலயும் ராட் எண்ட் (உருண்டை மூட்டு). இழுப்பை அது தாங்கிக்கும், மேல கீழ ஆடுறதை ரப்பர் பார்த்துக்கும்.