மூத்தவளுக்கு நான்கு வயது. பாப்பாவின் வேலைகளை அவளிடம் சொல்வது சரியா?

இரு மகள்களின் தாய்

இரவு 2.40. மடியில் சின்னவள் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்து இன்றோடு 19 நாள். மூத்தவளுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம்.

பாப்பா வயிற்றில் இருந்தபோதே மூத்தவளிடம், "நீ அக்கா ஆகப் போகிறாய், இனி நீ பெரியவள், அம்மாவுக்கு நீதான் துணை" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். அவளும் அப்படியே நடந்துகொள்கிறாள். டயப்பர் என்று நான் வாயெடுப்பதற்குள் ஓடிப்போய் எடுத்து வருகிறாள். ஈரத் துணியைக் கூடையில் போடுகிறாள். பாப்பா சிணுங்கினால், "நான் பார்க்கிறேன் அம்மா" என்று எனக்கு முன்னால் போய் நிற்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் மெச்சுகிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று இரவு அவளுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு எழுந்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "நான் மறுபடியும் எப்போது சின்னப் பிள்ளை ஆவேன்?" எனக்குப் பதில் வரவில்லை. "தூங்கு கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

பொறுப்பு பழகுவது நல்லதுதானே என்கிறார் கணவர். எல்லாவற்றையும் உடனே நிறுத்து என்கிறாள் என் அக்கா. ஒளிக்காமல் சொல்லுங்கள், நான் செய்தது தவறா?

தலைமகள்

தவறு, சகோதரி. உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மூன்று பேரில் நான் மூத்தவள். கடைசித் தம்பி பிறந்தபோது எனக்கு ஆறு வயது. "நீ பெரியவள்தானே, விட்டுக்கொடு" என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணவே முடியாது. பொம்மையை விட்டுக்கொடுத்தேன், ஜன்னல் ஓர இடத்தை விட்டுக்கொடுத்தேன், கடைசியில் அம்மாவின் பக்கத்தில் படுப்பதையும் விட்டுக்கொடுத்தேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில்தான் எனக்கு ஒன்று புரிந்தது: வேலை செய்தால் என்னைப் பிடிக்கும், சும்மா இருந்தால் என்னை யாரும் பார்ப்பதில்லை. இன்று எனக்கு 38 வயது. உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கும்போதுகூட யாராவது அறைக்குள் வந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். உங்கள் மகள் நான்கு வயதிலேயே அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். எனக்கு அந்தத் துணிவு இருக்கவில்லை. இன்றைக்கே நிறுத்துங்கள்.

ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி

இதை நான் ஏற்கமாட்டேன். தலைமகள் பட்டது உண்மைதான், அது கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அவருக்கு நடந்தது வேறு, இந்த வீட்டில் நடப்பது வேறு.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலும் நான்கு முதல் ஆறு மணி நேரம் தாயின் மடி காலியாக இருக்காது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் தனி. அத்தனை நேரமும் மூத்த பிள்ளை என்ன செய்யும்? வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்குமா? வேலையை முழுவதுமாகப் பிடுங்கிக்கொண்டால், "இங்கே உனக்கு இடமில்லை" என்று நீங்களே சொன்னதாகிவிடும்.

என் இளையவன் பிறந்தபோது, பெரியவன் ஏதாவது செய்துவிடுவானோ என்ற பயத்தில் அவனைப் பக்கத்திலேயே விடாமல் வைத்திருந்தோம். ஒரு நாள் குழந்தையின் தொடையில் கிள்ளிவிட்டான். பொறாமை என்றார்கள் எல்லோரும். நான் கவனித்தேன்: கிள்ளிய பிறகு அவன் குழந்தையைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தான். குழந்தை அழுதால் எல்லோரும் ஓடி வருவோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் முதல் குழந்தைக்கு எந்தச் சட்டை போடுவது என்று அவனையே எடுக்கச் சொன்னேன். அதன் பிறகு அவன் கிள்ளவில்லை. வேலை தண்டனையாகாது, மகளே. வீட்டில் ஆளாக இருப்பதற்கு அதுதான் வழி.

தலைமகள்

அம்மா, சட்டையைத் தேர்ந்தெடுப்பது வேலையே இல்லை, அது விருப்பம். உங்கள் மகனுக்கு ஒரு முடிவு எடுக்கும் உரிமையைக் கொடுத்தீர்கள். இந்தக் குழந்தையோ அம்மா எழுவதற்குள் போய் நிற்கிறாள். இரண்டும் ஒன்றா?

இரு பிள்ளைகளின் அப்பா

இவ்வளவு நேரம் பேசிவிட்டோம், டயப்பரை அப்பா ஏன் எடுத்து வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. "பொறுப்பு பழகட்டும்" என்று சொல்கிற கணவரைத்தான் நான் முதலில் கேட்பேன். பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர் செய்ய முடியும். ஏப்பம் வரவைக்கத் தோளில் போட்டுக்கொள்வதில் தொடங்கி, இரவில் துணி மாற்றுவது வரை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம். மாலையில் பால் குடித்து முடித்தவுடன் சின்னவளை நான் வாங்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். கதவைச் சாத்திவிடுவேன். 20 நிமிடம் அம்மாவும் மூத்தவனும் மட்டும். அந்த நேரத்தில் தொலைபேசி கூடாது, வீட்டு வேலை கூடாது, பாப்பாவைப் பற்றிய பேச்சும் கூடாது. உள்ளே சின்னவள் வீறிட்டு அழுவாள், சமாளிப்பேன். ஆறாவது வாரத்தையொட்டி அழுகை உச்சத்துக்குப் போகும், அதன் பிறகு குறையும் என்று குழந்தை மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பதறவில்லை. மூத்தவன் அந்தக் கதவு சாத்தும் சத்தத்துக்காகவே காத்திருப்பான்.

மகப்பேறு செவிலியர்

வேலை கொடுப்பதா வேண்டாமா என்பதற்குள் போகும் முன் ஒன்று சொல்லியாக வேண்டும். "நான் பார்க்கிறேன்" என்று மூத்தவள் முன்னால் போய் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு வயதுக் குழந்தையைக் கைக்குழந்தையோடு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். அவள் கெட்டது செய்வாள் என்பதற்காகச் சொல்லவில்லை, அன்பாகச் செய்வாளே என்பதற்காகச் சொல்கிறேன். பாப்பா தனியாகப் படுத்திருக்கிறதே என்று தன் பஞ்சுப் பொம்மையைக் கொண்டுவந்து முகத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கழுத்துவரை போர்வை இழுத்துவிடுவார்கள். குழந்தை மல்லாந்து, கெட்டியான படுக்கையில், தலையணையோ பொம்மையோ இல்லாமல் படுக்க வேண்டும். மூத்த குழந்தையோடு ஒரே படுக்கையில் தூங்கவைக்கவும் கூடாது.

தூக்க ஆசைப்பட்டால் அவளை நன்றாகச் சாய்ந்து உட்காரவைத்து மடியில் கொடுங்கள், கழுத்துக்கு உங்கள் கை இருக்கட்டும். கை கழுவிவிட்டுத் தொடட்டும். முகத்தையும் கையையும் விட்டுவிட்டுப் பாதத்தைத் தொடப் பழக்குங்கள். குழந்தைகள் கையை வாய்க்குக் கொண்டுபோய்விடும், பாதத்தை இப்போதைக்குக் கொண்டுபோகாது. மூத்தவளுக்கு வயதுக்குரிய தடுப்பூசிகள் எல்லாம் போட்டாயிற்றா என்று பாருங்கள். கக்குவான் இருமல் பல வீடுகளில் அண்ணன், அக்காவிடமிருந்தே கைக்குழந்தைக்கு வருகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

இனி உங்கள் கேள்வி. ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த 40 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீட்டுக்குப் போய்க் கவனித்தார்கள். 1982இல் அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது. சில தாய்மார்கள் கைக்குழந்தையை ஓர் ஆளாகவே வைத்து மூத்த குழந்தையிடம் பேசினார்கள்: "இவன் ஏன் அழுகிறான்? பசியா, தூக்கமா, நீ என்ன நினைக்கிறாய்?" அந்த வீடுகளில் மூத்த குழந்தைகள் பின்னாளிலும் தம்பி தங்கையிடம் அதிக நட்போடு இருந்தார்கள். அதனால் டயப்பரைக் கொண்டுவருகிறாளா என்பதைவிட, அப்போது அவளிடம் நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதையே நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி

செவிலியர் சொன்னது எனக்குத்தான் துணை. பக்கத்தில் இருந்தால்தானே பேச முடியும்? தள்ளி வைத்துவிட்டு யாரிடம் பேசுவது?

தலைமகள்

மன்னிக்க வேண்டும், அது என் பக்கம். பேசச் சொல்கிறார், ஏவச் சொல்லவில்லை. தங்கை ஏன் அழுகிறாள் என்று என் அம்மா ஒரு நாளாவது என் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தால் நான் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன். "போய் ஆட்டிவிடு" என்றுதான் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை, மூன்று பிள்ளைகளோடு அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனால் அவருக்கு நேரமில்லாததற்கான விலையை நான் கொடுத்தேன்.

இரு மகள்களின் தாய்

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் சொன்ன பிறகு போய்ப் பார்த்தேன், தொட்டிலில் உண்மையாகவே ஒரு துணி முயல் இருந்தது. எடுத்துவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று நாளாக மூத்தவள் படுக்கையை நனைக்கிறாள். இரண்டரை வயதிலேயே விட்ட பழக்கம். பாப்பாவைப் போல மழலையிலும் பேசுகிறாள். நான் கண்டித்துவிட்டேன்.

மகப்பேறு செவிலியர்

கண்டிக்க வேண்டாம். தம்பி தங்கை பிறந்த வீட்டில் இது அடிக்கடி நடக்கும், பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடும். சத்தமில்லாமல் விரிப்பை மாற்றிவிடுங்கள். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்றாலோ காய்ச்சல் இருந்தாலோ மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐந்து பேரப்பிள்ளைகளின் பாட்டி

மழலை பேசினால் நீங்களும் கொஞ்சம் மழலையாகவே பதில் சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. இதில் தலைமகளோடு எனக்குச் சண்டை இல்லை. "பெரியவள்" என்ற சொல்லையும் விட்டுவிடலாம், அக்கா என்ற சொல் போதும். அக்காவுக்கு நான்கு வயதும் இருக்கலாம். ஆனால் அவளாக எடுத்து வருவதைத் தடுக்காதீர்கள் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

இரு பிள்ளைகளின் அப்பா

மூத்த குழந்தைக்கு ஆறாத வடு ஏற்பட்டுவிடுமோ என்ற பயம் எங்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரெண்டா வாலிங் 241 குடும்பங்களை, இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தார். பெரும்பாலான மூத்த குழந்தைகள் பெரிய குலைவு எதுவும் இல்லாமல் பழகிக்கொண்டார்கள் என்பதே கண்டது. 19 நாளில் எதுவும் கைமீறிவிடவில்லை, சகோதரி. கணவரிடம் இன்றே பேசுங்கள்.

இரு மகள்களின் தாய்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கணவர் இங்கே எழுதியிருப்பதை எல்லாம் படித்தார். எதுவும் சொல்லவில்லை. அன்று மாலை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூத்தவளை மடியில் படுக்கவைத்து, பாப்பாவைச் சுற்றும் துண்டால் சுற்றினேன். மார்புக்கு மேல் எட்டவில்லை, கால் இரண்டும் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் பிறந்த நாளின் கதையைச் சொன்னேன். எவ்வளவு அழுதாள், முதல் முறை தும்மியபோது எப்படிப் பயந்துபோனோம், எல்லாம். கண் சிமிட்டாமல் கேட்டாள். பிறகு, "எனக்கு அப்போது யார் டயப்பர் எடுத்து வந்தார்கள்?" என்றாள்.

"அப்பா" என்றேன்.

"பாப்பாவுக்கும் அப்பாவே எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் சுண்டுவிரலைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள்.

நேற்று முழுவதும் அவள் ஒன்றும் எடுத்து வரவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று காலை பாப்பா அழுதபோது கையைக் கழுவிக்கொண்டு வந்து, பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பசி இல்லை அம்மா, கால் குளிராக இருக்கிறது." காலுறை எடுக்க அவரே எழுந்து போனார்.