புதுப்பிப்பு: மலையேற மறுத்த பிக்கப், கடைசியில் கண்டுபிடித்த கோளாறு

மூன்று மாதம் முன்பு இங்கே என் வண்டியைப் பற்றிப் புலம்பியிருந்தேன். 1,40,000 கிலோமீட்டர் ஓடிய என் டீசல் பிக்கப், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறை தாண்டியதும் இழுவையே இல்லாமல் கரும்புகை கக்கியது. சர்வீஸ் சென்டரில் "டர்போ போச்சு, மாத்தணும்" என்றார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்தான் டர்போ. இங்கே சிலர் ஏர் ஃபில்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். மாற்றினேன், பயனில்லை.

கோளாறு டர்போவில் இல்லை. டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில். ஊர் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்ததும் ஹோஸின் அடிப்பக்கம் விரலை ஓட்டி, எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டினார். "ஆக்சிலேட்டரை மிதி" என்றார். மிதித்ததும் கிளாம்புக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை விரிசல் வாய் திறந்து உஸ்ஸென்றது. காலை எடுத்தால் மூடிக்கொள்கிறது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? காற்று வெளியே போய்விடுவதால் டீசல் முழுசாக எரியாமல் புகையாகிறது, அவ்வளவுதான் விஷயம்.

ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய். டர்போவுக்குச் சொன்ன தொகையை எழுதினால் வயிறு எரியும், விடுங்கள்.

அப்புறம் பதினோரு நடை போய்வந்தாயிற்று. ஏறும்போது அரிசி மூட்டை, இறங்கும்போது கேரட், பூண்டு. மூன்றாம் கியரில் இழுத்த இடத்தில் மறுபடி மூன்றாம் கியரிலேயே இழுக்கிறது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மட்டும் கிறீச்சிடுகிறது. அது ஏற்றும் பாரத்துக்கு நான் கொடுக்கும் வரி.