மதுரையில் இருந்துகொண்டு கடலுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

கேள்வி: வைகைக்கரையாள்

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், கடலைக் காப்பது பற்றிப் பள்ளியில் பேச இருக்கிறாள். நாம் மூச்சு விடும் காற்றில் பாதியைக் கடல்தான் தருகிறது என்று எழுதி வைத்திருக்கிறாள். எழுதி முடித்தபின், "கடலே இல்லாத ஊரில் இருக்கும் நாம் அதற்கு என்னம்மா செய்ய முடியும்?" என்று கேட்டாள். கடற்கரையில் குப்பை போடாதே என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓலைக்கால்

சகோதரி, முதலில் அந்தக் காற்றுக் கணக்கைச் சற்றுத் திருத்தச் சொல்லுங்கள். உலகில் ஆண்டுதோறும் உருவாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி கடலின் நுண்பாசிகளிடமிருந்து வருவது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதியைக் கடல்வாழ் உயிர்களே பயன்படுத்திவிடுகின்றன. நாம் கடலுக்குப் பட்டிருக்கும் பெருங்கடன் வேறு. நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கையும், புவி வெப்பமாவதால் சேரும் மிகைச் சூட்டில் 90 விழுக்காட்டுக்கு மேலும் அது தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அந்தச் சூடு தாங்காமல் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் 2010இலும் 2016இலும் வெளுத்தன. அவற்றில் ஒரு பகுதி மீளவே இல்லை.

அதே வளைகுடாவில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டியதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். வாங்க ஆள் இருந்ததால்தான் வெட்டினார்கள். கடலிலிருந்து எது எடுக்கப்படுகிறது என்பதைக் கரையில் வாங்குகிறவர்களும் சேர்ந்தே தீர்மானிக்கிறார்கள் என்பதால், மதுரைக்காரர்களான உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்த முறை சந்தையில் நண்டு வாங்கும்போது அதைத் திருப்பி வயிற்று மடலைப் பாருங்கள். மடலுக்கு வெளியே மஞ்சளாகவோ ஆரஞ்சு நிறத்திலோ முட்டைகள் திரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அது சினை நண்டு. பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க அந்தத் திரள் கறுத்து வரும். ஒரு திரளில் இலட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். அதை வேண்டாம் என்று ஒதுக்குவதோடு, ஏன் வேண்டாம் என்பதையும் கடைக்காரரிடம் சொல்லுங்கள். சுறாக்களில் பெரும்பாலானவை பருவமடையப் பல ஆண்டுகள் ஆகும், ஈனும் குட்டிகளும் குறைவு. ஆகவே சுறாப்புட்டு எப்போதாவது செய்யும் பண்டமாக இருக்கட்டும். விரைந்து பெருகும் மத்தியும் நெத்திலியும் அன்றாடக் குழம்புக்கு ஏற்றவை, விலையும் குறைவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாட்களில் பெரிய மீன்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காமல், நாட்டுப்படகில் வரும் மீனை வாங்குங்கள்.

பதில் 2: கண்மாய்க்கரை

கடலே இல்லாத ஊர் என்று உங்கள் மகள் சொல்வதை நான் முழுவதும் ஏற்கமாட்டேன். பந்தல்குடிக் கால்வாயில் விழும் பாலித்தீன் பை வைகையில் சேர்கிறது. வைகை நீரில் பெரும்பகுதி இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றாலும், வெள்ளக் காலத்தில் மிஞ்சுவது ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகே பாக் விரிகுடாவில்தான் கலக்கிறது. கடற்பசு மேயும் கடற்புல் வளர்வது அந்த ஆழமற்ற கடலில்தான். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நீர் கலங்கி ஒளி குறைந்தால் புல் நலியும். புல் நலிந்தால் அதற்குள் வளரும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் குறையும்.

பதில் 3: நெய்தல் வாசகன்

மேலே சொன்னவை அனைத்தும் செய்யத்தக்கவை. ஆயினும் கடலைக் காக்கும் பொறுப்பு முழுவதையும் சமையலறையில் இறக்கி வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஒரு துறைமுக விரிவாக்கமோ அனல்மின் நிலையமோ ஏற்படுத்தும் சேதத்தை ஆயிரம் வீடுகள் சேர்ந்தும் ஈடுகட்ட முடியாது. தனிமனிதர் அங்கேயும் செய்ய ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரும்பாலான பெரிய திட்டங்களுக்கு அனுமதி வழங்குமுன் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்தில் பேசுவது அப்பகுதி மக்களின் உரிமை என்றாலும், திட்டத்தில் அக்கறை கொள்ள நியாயமான காரணம் உள்ள வெளியூர்க்காரர்களும் எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம்.

அனுப்பும்போது "திட்டம் வேண்டாம்" என்று ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். சுருக்கத்தைப் படித்து, வெந்நீரை எங்கே விடுவார்கள், தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவார்கள், எந்த மாதங்களில் கடலுக்குள் வேலை நடக்கும் என்று பக்க எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.