ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து 16 நாள்: தண்ணீரே இறங்கவில்லை, இட்லி அடைத்துக்கொண்டது

கொடிமலர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41, திருப்பூர் பக்கம். எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷனைக் கோவையில் செய்து இன்றோடு 16 நாள் ஆகிறது. போகும்போது 118 கிலோ, இன்று காலை 109.5. எடை இறங்குவதைப் பற்றிக் கவலை இல்லை, மற்றதெல்லாம்தான் புரியவில்லை.

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். முதல் 2 வாரம் நீராகாரம், அடுத்த 2 வாரம் மசித்தது, அப்புறம் மிருதுவான சாப்பாடு என்று போட்டிருக்கிறது. நம் வீட்டுச் சமையலில் எது எதில் சேரும் என்று அதில் இல்லை. அதனால் நானாக ஒரு கணக்கு வைத்து காலையில் அரிசிக் கஞ்சித் தண்ணி, 11 மணிக்கு இளநீர், மதியம் வடிகட்டிய ரசம், சாயங்காலம் அரை டம்ளர் பால், ராத்திரி நீர்க்கக் கரைத்த ராகிக் கூழ் என்று ஓட்டுகிறேன். தண்ணீரை வாயில் வைத்தாலே நெஞ்சில் நிற்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 700 மில்லி போனால் பெரிது. இரண்டு நாளாக உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றுகிறது, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது. பிபி மாத்திரை பழையபடியே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மாமியார் என்னைப் பெற்ற அம்மா மாதிரி. நான் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. 14 நாள்தான் முடிந்துவிட்டதே என்று முந்தாநாள் பஞ்சு மாதிரி இட்லி ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் ஆசை, பாதி இட்லி சாப்பிட்டேன். நான்காவது வாய் உள்ளே போனதும் நெஞ்சுக் குழியில் கல்லை வைத்து அழுத்தியது போல ஆகிவிட்டது. வாய் நிறைய எச்சில் ஊறி நுரை நுரையாக வந்தது. கொல்லையில் துவைக்கிற கல் மேல் அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தேன், கடைசியில் வந்துவிட்டது. அன்றிலிருந்து எதை விழுங்கவும் பயமாக இருக்கிறது.

நடை வீட்டுக்குள் மட்டும்தான். எங்கள் தெருவில் குடிதண்ணீர் சில நாளுக்கு ஒரு தடவைதான் வரும், வரும்போது குடம் குடமாகப் பிடித்து வைக்க வேண்டும். இடுப்பில் குடம் தூக்கலாமா? இதே ஆபரேஷன் செய்தவர்கள் முதல் இரண்டு மாதம் என்ன சாப்பிட்டீர்கள், எப்படி நடந்தீர்கள் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வைகைக்கரை:

மலர், மற்றதெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் போனை எடுத்து உங்கள் டாக்டரிடம் தலைசுற்றல், சிறுநீர் நிறம், 700 மில்லி, பிபி மாத்திரை, இந்த நான்கையும் சொல்லுங்கள். இன்றைக்கே. எடை இறங்கும்போது பிபி தானாகவே குறையும், உடம்பில் தண்ணீரும் இல்லாதபோது அதே பழைய அளவு மாத்திரை ஆளைச் சாய்த்துவிடும். சில பிபி மாத்திரைகளிலேயே நீர் பிரிக்கிற மருந்து சேர்ந்திருக்கும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அவர்கள் சொல்லட்டும்.

நான் மதுரை, ஸ்லீவ் செய்து 4 வருடம் ஆகிறது. எனக்கும் 12ஆம் நாள் இதே கதைதான், நான் சொல்லாமல் இருந்து குளியலறையில் மயங்கி விழுந்து மறுபடியும் அட்மிட் ஆனேன். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலர் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு உடம்பில் நீர் வற்றிப்போவதும் ஒரு முக்கியக் காரணம். எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறோம். முதல் மாதம் தண்ணீர்தான் வேலை, சாப்பாடு இரண்டாம் பட்சம்.

இறங்காததற்குக் காரணம் இருக்கிறது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழம் மாதிரி குழாயாக்கித் தைத்திருக்கிறார்கள். தையல் போட்ட இடம் உள்ளே வீங்கியிருக்கும், வீக்கம் வடிய சில வாரம் ஆகும். அதுவரை டம்ளரில் குடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நான் இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் குடித்தேன். 10 மில்லி மூடியில் மூன்று மூடி, அதைக் கால் மணி நேரத்துக்குப் பரப்பி, ஒவ்வொரு மடக்கையும் வாயிலேயே கொஞ்சம் வைத்திருந்து விட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரத்துக்கு 120 மில்லி, விழித்திருக்கிற 14 மணி நேரத்துக்கு 1,680. சாப்பிடுகிற நேரத்தைக் கழித்தாலும் ஒன்றரை லிட்டரை ஒட்டி வந்துவிடும். எனக்கு வெறும் தண்ணீரைவிட வெதுவெதுப்பான சீரகத் தண்ணி சுலபமாக இறங்கியது, சிலருக்குக் குளிர்ந்தது ஒத்துக்கொள்ளும். ஸ்ட்ரா போட்டுக் குடிக்காதீர்கள், காற்றும் கூடப் போகும். சோடா, கலர் பக்கமே போகாதீர்கள். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் வேண்டாம், சாப்பாட்டுக்கு நடுவிலும் கூடாது. சோற்றுக்கு நடுவே தண்ணீர் குடித்தே வளர்ந்த நமக்கு இந்த ஒன்று பழகத்தான் ரொம்ப நாள் ஆகும்.

இட்லி விஷயம். 14 நாள் முடிந்தால் இட்லி என்று அர்த்தம் இல்லை, மசித்தது என்றுதான் அர்த்தம். குழந்தைக்கு முதன்முதலாக ஊட்டுகிற பதத்தில் இருக்க வேண்டும். நுரையாக எச்சில் வருவது அடைத்துக்கொண்டதன் அடையாளம்தான், எங்கள் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கிறது, அதற்காக உடைந்துபோகாதீர்கள்.

தறிமேடை:

நான் சேலம், விசைத்தறி வைத்திருக்கிறேன், வயது 48. எனக்குச் செய்தது ஸ்லீவ் இல்லை, இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கி நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. சர்க்கரை அதிகம் இருந்ததால் டாக்டர் அதைச் சொன்னார். செய்து 2 வருடம் 3 மாதம் ஆகிறது.

அக்கா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் பட்டியலில் கஞ்சி, இளநீர், ரசம், கூழ் எல்லாம் இருக்கிறது, புரதம் எங்கே இருக்கிறது? அரை டம்ளர் பாலில் 3 கிராம் வரும். நமக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் வேண்டும் என்று சொல்வார்கள். அது போகாவிட்டால் இறங்குகிற எடையில் கொழுப்போடு தசையும் கரைந்து போகும், அப்புறம் படி ஏறவே தெம்பு இருக்காது. நானும் முதல் மூன்று வாரம் கூழும் சத்துமாவும் குடித்துக்கொண்டு நன்றாகச் சாப்பிடுகிறோம் என்றுதான் நினைத்தேன். தறியில் அறுந்த நூலைக் குனிந்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர முடியாமல் போனபோதுதான் டயட்டீஷியனிடம் ஓடினேன்.

அவர் மாற்றிக் கொடுத்தது இது. பாலில் கொழுப்பெடுத்த பால் பவுடர் இரண்டு ஸ்பூன் கூடுதலாகக் கரைத்துக்கொள்வது. பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உப்பு, மஞ்சள் மட்டும் போட்டு, மிக்ஸியில் அடித்து, வடிகட்டாமல் சாப்பிடுவது (பருப்புத் தண்ணியில் ஒன்றும் இல்லை, பருப்பே உள்ளே போக வேண்டும்). முட்டையை அரைவேக்காடாக விடாமல் நன்றாக வேகவைத்து, தயிர் விட்டு மைய மசித்துக்கொள்வது, ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். பன்னீரை அரைத்துக் குழைத்தால் 50 கிராமில் 9 கிராம். அப்படியும் எட்டாததால் டாக்டர் எழுதிக் கொடுத்த வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கிற புரதம்) பவுடர். கிண்ணத்தில் புரதம் முதலில், அது முடிந்து இடம் இருந்தால்தான் மற்றது.

நடை பற்றி. எனக்கு ஆபரேஷன் அன்று சாயங்காலமே டிரிப்ஸ் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்க வைத்தார்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்க அது அவசியம். வீட்டுக்கு வந்ததும் 5 நிமிடம், ஆனால் ஒரு நாளைக்கு ஆறு தடவை. வாரா வாரம் கொஞ்சம் கூட்டி ஐந்தாவது வாரம் ஒரே மூச்சில் அரை மணி நேரம் வந்தது. தலைசுற்றல் நிற்கும் வரை நீங்கள் துணைக்கு ஆள் இல்லாமல் நடக்காதீர்கள்.

குடம் கண்டிப்பாகக் கூடாது. ஒரு குடம் நிறையப் பிடித்தால் 15 கிலோ பக்கம் வரும். ஆறு வாரம் வரை 4, 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதே என்றார்கள். ஆபரேஷனுக்காக வயிற்றில் துளை போட்ட இடம் வெளியே ஆறிவிட்டது போலத் தெரியும், உள்ளே ஆறியிருக்காது, குடல் இறங்கிவிடும். தண்ணீர் வருகிற நாளில் வீட்டு ஆண்கள் பிடிக்கட்டும். மூன்றாம் மாதம் டாக்டரிடம் கேட்டுவிட்டு, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்டை இழுப்பது என்று தொடங்கினேன்.

அப்புறம் இனிப்பு. தங்கை மகள் சடங்கில் கேசரி இரண்டு ஸ்பூன்தான் சாப்பிட்டேன். இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, சட்டை நனைகிற அளவு வேர்த்து, வயிற்றைப் பிசைந்து, பந்தலுக்குப் பின்னால் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். சர்க்கரை ஒரேயடியாகச் சிறுகுடலில் இறங்குவதால் வருவது, டம்பிங் என்கிறார்கள். பைபாஸில்தான் அதிகம், ஸ்லீவ்காரர்களுக்கும் வருவதுண்டு.

இரவுப் பணி:

நான் ஸ்டாஃப் நர்ஸ், அறுவைசிகிச்சை வார்டில் 11 வருடம். இளநீரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், கால் டம்ளர் மெதுவாகக் குடித்தால் நல்லதுதான். ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு, அதையே தண்ணீருக்குப் பதிலாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கொடிமலர், சில அறிகுறிகளைச் சொல்கிறேன், வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல், கூடிக்கொண்டே போகிற வயிற்றுவலி, இடது தோள்பட்டையில் வலி, மூச்சு வாங்குவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே இரைப்பைத் தையலில் கசிவு என்பது அபூர்வம், ஆனால் அது பெரும்பாலும் இந்த முதல் மாதத்துக்குள்தான் தெரியவரும். வாந்தி ஒரு நாளைத் தாண்டித் தொடர்ந்தாலும் வந்துவிடுங்கள். தொடர் வாந்தியில் வைட்டமின் பி1 தீர்ந்துபோய் மூளையைப் பாதிக்கிற அளவுக்குப் போகும்.

மூட்டு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், இரைப்பையில் புண் வரும். வைட்டமின், கால்சியம், இரும்பு, பி12 எல்லாம் எடை குறைந்ததும் நிறுத்துகிற மாத்திரைகள் இல்லை, ஆயுசுக்கும் வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவே 2 மணி நேரம் விடுங்கள், இரும்பு மாத்திரையைத் டீ காபியோடு சேர்க்காதீர்கள். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், சீப்பில் கொத்துக் கொத்தாக வரும்போது அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை. புரதமும் இரும்பும் சரியாகப் போனால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

பொன்னி நெல்:

எனக்கு ஆபரேஷன் இல்லை, என் மனைவிக்கு. தஞ்சாவூர். மாமியார் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எங்கள் அம்மாவும் அப்படித்தான் மருகினார். இன்னும் ஒரே ஒரு வாய் என்று கிண்ணத்தோடு பின்னாலேயே வருவார், மறுத்தால் இவளுக்கு மனசு கேட்காது, வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பாள். கடைசியில் அம்மாவை செக்கப்புக்குக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் அவரை உட்கார வைத்து, இரைப்பை எவ்வளவு எடுத்திருக்கிறோம் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை பேசவே இல்லை. மறுநாள் பாத்திரக் கடையில் சின்னச் சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஆறு வாங்கி வந்தார், ஒவ்வொன்றிலும் நான்கு டேபிள்ஸ்பூன் கொள்ளும். பருப்பு, முட்டை மசியல், கெட்டித் தயிர் என்று நேரத்துக்கு ஒரு கிண்ணம். அது காலியானால் அவருக்கும் திருப்தி, அதற்கு மேல் ஊற்றவும் மாட்டார். ஊட்டுகிறவருக்கும் ஒரு வேலை வேண்டும் போல.

இன்னொன்று, கையால் பிசைந்தால் கவளம் தன்னால் பெரிதாகிவிடுகிறது. என் மனைவி ஆறு மாதம் குழந்தை ஸ்பூனில்தான் சாப்பிட்டாள். ஒரு வாய்க்கு 20, 25 தடவை மென்று, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் அடுத்த வாய். இட்லி ஆறாவது வாரம்தான் வந்தது, அதுவும் பருப்பில் நன்றாக ஊறவைத்து, ஒரு இட்லிக்கு 25 நிமிடம். சோறும் சப்பாத்தியும் அதற்கும் ரொம்பப் பிறகு.

கொடிமலர்:

எல்லோருக்கும் கும்பிட்டுச் சொல்கிறேன், நன்றி. வைகைக்கரை அக்கா எழுதியதைப் படித்த கையோடு போன் செய்தேன், உடனே வரச் சொன்னார்கள். பிபி 94/60. ஒரு நாள் வைத்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். என் மாத்திரையில் நீர் பிரிக்கிற மருந்தும் சேர்ந்துதான் இருந்ததாம், அதை நிறுத்திவிட்டு வாரம் இரண்டு தடவை பிபி பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா களைப்பு என்று நினைத்து இன்னும் நாலு நாள் ஓட்டியிருப்பேன்.

இன்றோடு 23 நாள். மருந்து மூடிதான் இப்போது என் டம்ளர். நேற்று 1,350 மில்லி போனது, சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறோம், கோடு போடுவது என் மாமியார். அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது பாசிப்பருப்பை மிக்ஸியில் அடித்த பிறகும் டீ வடிகட்டியில் போட்டுக் கரண்டியால் தேய்த்து இறக்குகிறார், ஒரு தோல் கூட இருக்கக் கூடாதாம். புரதம் 45 கிராம் வரை வந்திருக்கிறது. குடத்தை என் மகன் தூக்குகிறான். மொட்டை மாடியில் 9 நிமிடம், நான்கு தடவை நடக்கிறேன், அத்தை கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மசித்த உணவில் மீன் சேர்க்கலாமா? விரால் கிடைக்கிறது.

வைகைக்கரை:

எனக்கு நான்காவது வாரம் அனுமதித்தார்கள், நீங்களும் ஒரு வார்த்தை டயட்டீஷியனிடம் கேட்டுவிடுங்கள். பொரிக்காமல் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்து, முள்ளை விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தடவை தடவிப் பார்த்து எடுத்துவிட்டு, காரம் இல்லாத குழம்புத் தண்ணி விட்டு விரலால் நசுக்கினால் கரைகிற பதத்துக்கு மசிக்க வேண்டும். முதல் நாள் இரண்டு ஸ்பூன் போதும். சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுதுங்கள் மலர்.