புதுப்பிப்பு: நோம்பி நாடகத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம்

காங்கேயம் பக்கத்து எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் (திருவிழாவில்) விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம். மகளையும் வயதான அம்மாவையும் அழைத்துப் போகலாமா, கோமாளியாக வரும் பபூனின் பேச்சு முகம் சுளிக்க வைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். தாராளமாகப் போகலாம்.

பபூன் வந்ததும் முதல் வேலையாக விழாக் குழுவினரைத்தான் வாரினார். ஆர்மோனியக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் சுருதியை விட்டுவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொண்டே பிடித்தார். இரண்டொரு இடத்தில் பேச்சு எல்லை தாண்டியது உண்மை. மகளுக்கு அது புரியவில்லை. அம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகம்தான் என்றாலும், நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தில் பாதி அந்தந்த மேடையிலேயே பிறக்கிறது. எனக்கு அது கொஞ்சம் நீளம். கிழவன் வேடத்தில் முருகன் வந்த பிறகுதான் களை கட்டியது. தேனும் தினைமாவும் தின்று அவருக்கு விக்கல் எடுக்க, “அப்பத்தா, அந்தத் தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுங்கள்” என்று மகள் எங்கள் பாட்டிலை நீட்டிவிட்டாள். பபூன் அதைப் பார்த்துவிட்டார். அப்புறம் நாங்களும் நாடகத்தில் பாத்திரங்கள்தான்!

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் மட்டும் பாய் விரிக்காதீர்கள். பனி இறங்கும், கம்பளி அவசியம். முழு இரவு முடியாதவர்கள் கிழவன் காட்சிக்கு வந்தாலே போதும்.